குழாயும் அக்காவும் ஒரே வயது

அன்று அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, நவி மும்பையில் சான்பாடாவிலிருந்து வந்த அத்தை, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அப்புறம் அக்கா. இல்லாதவர்கள்: அக்காவைப் பெற்ற தாய், தகப்பனார், தொப்புள்கொடி அறுத்த கிழவி, வாசலில் சேலையை விரித்து மறைப்புக் கட்டி நின்ற நான்கு பெண்கள். அக்கா பிறந்த அன்று பக்கத்தில் இருந்தவர்களில், அந்தப் பிறப்பைப் பதிவு செய்த அன்று வர முடிந்தது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் சான்பாடா அத்தை. பிரசவத்தன்று அவருக்கு ஒன்பது வயது. இன்னொருவர் அக்கா. அன்று அவருக்கு வயது இன்னும் தொடங்கவில்லை.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது. சந்துக்கு அவர் பர்த்து அக்கா. கல்யாணமாகி வந்த பெண்களிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அம்மா மட்டும் அண்ணி முறை வைத்து மைனி என்பாள்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழிலும் தெரியாது, மராத்தியிலும் தெரியாது. ஆனால் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார். முனிசிபல் அலுவலகத்தில் வரிசையாகப் பத்து ஜன்னல்கள் இருந்தால், எந்த ஜன்னலுக்கு மேலே அந்தச் சொல் எழுதியிருக்கிறதோ அதன் முன்னால் நேராகப் போய் நின்றுவிடுவார். ஐந்தே எழுத்து. எப்படி அக்கா கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“மொத எழுத்தப் பாருல தம்பி. மாரும் வயிறுமா நிக்கா. புள்ளத்தாச்சியில்லாம வேற யாரு?”

அன்றிலிருந்து எனக்கும் அந்த எழுத்து எங்கே கண்டாலும் அப்படித்தான் தெரிகிறது. பேங்க் என்ற பெயர்ப்பலகையில் கூட.

சந்தில் யாருக்கு வலி எடுத்தாலும் அக்காவுக்குத்தான் முதலில் ஆள் போகும். புருஷனுக்குச் சொல்வது அப்புறம்தான். அக்கா தலையை அள்ளி முடிந்துகொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வருவார். பையில் ஒரு பழைய துண்டு, தண்ணீர் பாட்டில், நீல மையில் எழுதும் பேனா, ரேஷன் கார்டின் ஜெராக்ஸ் வைக்க ஒரு கவர். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரரிடம் இந்தியில் சண்டை போடுவார், உள்ளே நர்ஸிடம் மராத்தியில் கெஞ்சுவார், பிரசவ அறை வாசலில் நெல்லைத் தமிழில் அழுகிற மாமியாரை அதட்டுவார். பிள்ளை பிறந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அக்கா கிளம்பமாட்டார். அவருடைய வேலை அப்போதுதான் பாதி முடிந்திருக்கும்.

“பேப்பர்ல பர்த்து ஆகணும். அதுவரைக்கும் புள்ள பாதிதாம் வெளிய வந்துருக்கு.”

இதை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் எங்கள் சந்தில் கிடையாது. நிறையப் பேர் பிறப்பைப் பதிவு செய்வார்கள், ஆனால் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். பிறகு என்பது வராது. சர்டிபிகேட்டில் இன்னாரின் குழந்தை என்று மட்டும் இருக்கும், குழந்தைக்குப் பெயரே இருக்காது. அக்காவுக்கு அது ஆகாது. பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், ஊரிலிருந்து ஜோசியர் எழுத்து சொன்ன பிறகுதான் பெயர் வைப்போம் என்று அடம்பிடித்தார். அக்கா பதிவுப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் அவரை மறித்தார்.

“ஜோசியரு நாளைக்கும் இருப்பாரு. கிட்கி ஒரு மணிக்கு மூடிரும். சொல்லு.”

ஜன்னலை அக்கா கிட்கி என்றுதான் சொல்வார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்து, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, அதில் இருந்த அம்மனின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் இப்போது எட்டாவது படிக்கிறாள். நல்ல பெயர்தான்.

இதற்கெல்லாம் அக்கா காசு வாங்கியதில்லை. ஆனால் பேடா வாங்கித் தர வேண்டும். ஆண் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்ஃபி என்பது இங்கே மராட்டிக்காரர்களின் வழக்கம், எங்கள் ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பர்ஃபி டப்பாவை நீட்டினால் அக்கா தொடமாட்டார்.

“பேடா கொண்டா. ரெண்டுக்கும் ஒரே வலிதான வலிச்சுது?”

கடைக்குத் திரும்ப ஓடிய தகப்பன்கள் உண்டு. பேடா வந்ததும் பாதியைக் கடித்துவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். வீட்டில் இருக்கிற புருஷனுக்கு. அவர் தோல் வெட்டுகிற வேலை செய்தவர். இருபது வருடம் தரையில் குத்தவைத்து வெட்டியதில் இரண்டு முட்டியும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். ஒரே மகளை மும்பைக்கு வெளியே தானே நகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஒற்றை இங்கிலீஷ் சொல்லை அக்கா ஜன்னலோடு விடவில்லை. எது புதிதாக வந்தாலும் அது அக்காவுக்குப் பர்த்துதான். முக்கில் மருந்துக் கடை திறந்தால் கடைக்குப் பர்த்து. புது மீட்டர் மாட்டினால் கரன்ட்டுக்குப் பர்த்து. “மாவுக்கு இன்னும் பர்த்து ஆகலட்டி, மூடி வையி” என்பார், தோசைக்கு அவசரப்படும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். எனக்கு மேலுதட்டில் கறுப்பு தட்டியபோது நடுச் சந்தில் நிறுத்தி, “ஏல, மீசைக்குப் பர்த்து ஆயிட்டு போலயே” என்றார். நான் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டாலும் அக்கா நடுவில் போய் நின்று கேட்பது ஒன்றுதான்: “சண்டைக்குப் பர்த்து எங்கன ஆச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க.” அதைச் சொல்லத் தொடங்கினால் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். பெரும்பாலும் அது ஒரு வாளியில் தொடங்கியிருக்கும்.

நான் மாட்டுங்காவில் கல்லூரியில் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முதலில் மிதித்தவன் நான், கல்லூரி என்றால் கேட்க வேண்டுமா. யார் தப்பாகப் பேசினாலும் திருத்த வேண்டும் போலிருக்கும்.

“அக்கா, அந்த வார்த்தை மனுசங்களுக்கும் உயிருள்ளதுக்கும் மட்டுந்தான். கடைக்கு, மாவுக்கெல்லாம் சொல்லக் கூடாது.”

“அப்போ கடை எப்படி வந்துச்சு? பார்சல்லயா?”

மறுநாள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவைத் தோற்கடிக்கத்தான். அந்தச் சொல்லுக்குக் கீழே நான்கு பொருள் போட்டிருந்தது. ஒன்று, உயிர் பிறப்பது. இரண்டு, பெற்றெடுக்கும் செயல். மூன்று, ஒருவர் பிறந்த குலம். நான்கு, எந்த ஒன்றின் தொடக்கமும். நான்காவதை மூன்று தடவை வாசித்தேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு தேசத்தையும் ஓர் எண்ணத்தையும் சொல்லியிருந்தது. மருந்துக் கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனசாட்சிக்குப் பயந்து அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“புக்குக்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாமா? சரி, மூணாவது என்னமோ சொன்னியே?”

“நல்ல குலத்துல பொறந்தவங்க, பெரிய குடும்பத்துல பொறந்தவங்கன்னு சொல்லுவாங்கல்லா, அதுக்கும் அந்த வார்த்தைதானாம்.”

அக்கா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு, “அது வேண்டாம். அத அடிச்சிரு” என்றார்.

நூலகப் புத்தகத்தில் அடிக்கக் கூடாது என்றேன். “உன் மனசுல அடிச்சிரு” என்றார். அடித்துவிட்டேன்.

இப்படிச் சொன்னால் அக்கா எல்லோருக்கும் இனியவர் என்று தோன்றும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அம்மா அக்காவுடன் ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறாள். காரணம் நான்.

நான் பிறந்தது ஜூன் பத்தாம் தேதி. சந்தில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றதால் டாக்ஸி வரவில்லை. கோலியிலேயே, அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே பிறந்தேன். பிடித்தது அக்கா. அப்பா மாஹிம் பக்கம் ஏதோ கிடங்கில் வேலைக்குப் போனவர், வர முடியவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளை என்பதால் ஜன்னலில் போய்த் தேதி சொல்ல வேண்டியவரும் அக்காதான். அப்பாவிடம் யாரோ ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார், ஜூன் ஒன்றாம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்தால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள், பையனுக்கு ஜூன் ஒன்று என்று போட்டுவிடுங்கள் என்று. அப்பா கேட்டார். அக்கா முடியாது என்றார். அம்மா பச்சை உடம்போடு படுத்தபடியே கேட்டாள்.

“மைனி, ஒம்பது நாளுதான. யாருக்கு என்ன நட்டம்?”

“நீ ஒம்பது நாளும் இவன வயித்துல சொமந்தியாட்டி இல்லியா? அத எப்படி இல்லன்னு எழுத?”

ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா போனாள். டீச்சர் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் வாருங்கள் என்றார். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற மூன்று பையன்களுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. காகிதம் இல்லாதவர்களுக்கு எல்லாம் ஜூன் ஒன்று என்று டீச்சரே எழுதிக்கொள்வார், அதுதான் அங்கே நடைமுறை. மூன்று பேரும் சேர்ந்துவிட்டார்கள். காகிதம் வைத்திருந்த நான் வெளியே வந்தேன். எங்கள் சந்தில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் பதினோரு பேர். ஜூன் பத்து நான் ஒருவன்தான்.

அந்தக் கோபத்தில்தான் அந்த ஆறு மாதம். பேச்சு திரும்பிய பிறகும் அம்மா அதை விடவில்லை. நான் எந்தப் பரீட்சை எழுதினாலும், “இத போன வருசமே எழுதியிருப்பான்” என்பாள், அக்காவின் காதில் விழும்படி. அக்காவும் சளைக்காமல், “இந்த வருசம் எழுதுனா மார்க்கு வராதாக்கும்?” என்பார்.

இனி அந்த அலுவலகத்துக்கு நாங்கள் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

செம்பூரில் ஒரு சிறிய பிரசவ விடுதியில் அக்கா ஒன்பது வருடம் தினக்கூலிக்கு ஆயாவாக இருந்தார். ஒரு நாள் அங்கே மூன்று ஆயாக்களை நிரந்தரமாக்கப் போகிறோம் என்றார்கள். மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை. அந்த அட்டை இருந்தால் புருஷனுடைய முட்டி ஆபரேஷனுக்குக் காசு கட்ட வேண்டாம். அக்கா கணக்குப் போட்டது அது ஒன்றைத்தான். அங்கே மேட்ரனாக இருந்தவர் பாலக்காட்டுக் குடும்பத்து அம்மாள். அவர் சொல்லி அனுப்பினார்: “ஆதார் போறாது. பர்த் சர்டிபிகேட் வேணும். நாப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கப்படாது, கேட்டியா?”

அன்று சாயங்காலம் அக்கா அதே பிளாஸ்டிக் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏல தம்பி, ஒரு பர்த்து போடணும்.”

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏன் மைனி, இப்பத்தான் பொறந்தியளா?”

“பேப்பர்ல நான் இன்னும் எங்கம்ம வயித்துக்குள்ளதாம்ட்டி இருக்கேன்.”

பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சந்தில் பாதிப் பிள்ளைகளை ஜன்னல் வரை தூக்கிக்கொண்டு போனவருக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பள்ளிக்கூடம் போகாததால் அந்தச் சான்றும் இல்லை. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருந்தது. முகத்தைப் பார்த்து யாரோ போட்டது. அதன்படி அக்காவுக்கு நாற்பத்து மூன்று. நான் உற்சாகமாகிவிட்டேன். அதையே பிரமாணப் பத்திரத்திலும் எழுதிவிட்டால் எல்லாம் ஒத்துப்போகும், வேலையும் கிடைத்துவிடும் என்றேன்.

“அது கம்ப்யூட்டர்க்காரன் போட்டதுல்லா. அவனா எங்கம்மைக்குப் பிரசவம் பாத்தான்?”

“அப்போ உண்மையான தேதி தெரியுமாக்கா?”

“எனக்குத் தெரியாது. குழாய்க்குத் தெரியும்.”

எங்கள் சந்தின் பொதுக்குழாயைச் சொன்னார். அந்தக் குழாயைத் திறந்து வைத்த அன்றுதான் அக்கா பிறந்தாராம். முதல் தண்ணீர் பிடிக்க வரிசையில் முதல் ஆளாக நின்ற அவருடைய அம்மாவுக்கு அங்கேயே வலி கண்டு, குழாயை ஒட்டிய கோலியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். குழாய்ச் சுவரில் திறப்பு விழாக் கல் ஒன்று பதித்திருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நிறம் என்று அடித்து அடித்து, அப்படி ஒரு கல் இருப்பதே எங்கள் வயதுப் பையன்களுக்குத் தெரியாது. மேலே ஒரு டியூஷன் சென்டரின் போஸ்டர் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நின்று கூட்டம் கலைந்ததும் நானும் அக்காவும் போனோம். பெயின்டரிடம் வாங்கிய தின்னரும் பழைய கரண்டியும் என் கையில், தேங்காய் நார் அக்காவின் கையில். நீலம் போனது, பச்சை வந்தது. பச்சை போனது, காவி நிறத்தில் ஏதோ வந்தது. அதற்கும் கீழே கல். மராத்தி எழுத்து. திறந்து வைத்தவர் பெயர், தேதி, மாதம். டிசம்பர். கடைசியாக வருடம்.

அந்த வருடத்தின் கடைசி எண்ணை நான் இரண்டு தடவை பார்த்தேன். மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விரல் விட்டும் எண்ணினேன். அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கல் சொன்னது அந்த நிமிடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“என்னல, மூஞ்சில கரன்ட் போயிட்டு?”

“தேதி இருக்குக்கா. வருசத்துல கடைசி நம்பர் மட்டும் தேஞ்சு போயிருக்கு. நாமளா பாத்து ஒண்ணு போட்டுக்கிடலாம்.”

அக்கா கல்லைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“தேஞ்சிருக்கா? இல்ல, நீ தேய்க்கியா?”

நான் கரண்டியைத் துடைத்தேன். “உள்ளதச் சொல்லுல” என்றார். சொன்னேன். ஐந்து மாதம் கூடுதல் என்றும், ஒரு வருடம் தள்ளி எழுதினால் வேலை கிடைக்கும் என்றும், கல்லின் மேல் திரும்பவும் பெயின்ட் அடித்துவிட்டால் யாரும் தேடப் போவதில்லை என்றும், மாமாவின் முட்டியை நினைத்துப் பாருங்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே அம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

அக்கா குழாய்த் திட்டில் உட்கார்ந்தார். நாரைப் பிழிந்தார், உதறினார், மறுபடியும் பிழிந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“உங்கம்மைக்கு ஒம்பது நாளு குடுக்கல நான். எனக்குன்னு ஒரு வருசம் எடுத்துக்கிடவா?”

பிறகு எழுந்து, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றிக் கழுவினார். மூடிய குழாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, “இதுக்கும் நாப்பத்தஞ்சு முடிஞ்சுட்டு பாரு. பாவம், இதுக்கும் பர்மனன்ட் கிடையாது” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தேதியை உள்ளபடியே குறித்துக்கொண்டேன்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை வைக்கும்போதுதான், “ஆபீசுக்கு என்னைக்குப் போணும்? நானும் வாரேன்” என்றாள். அம்மா சாட்சி சொல்ல முடியாது, அவள் மும்பைக்கு வந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான் என்றேன். “சாட்சிக்கு வரல. சும்மா நிக்க வாரேன்” என்றாள்.

பழைய பதிவேட்டில் தேடச் சொல்லி, அக்காவின் பிறப்பு அதில் இல்லை என்று எழுதி வாங்கினோம். பிரமாணப் பத்திரம் எழுதினோம். கல்லைப் போட்டோ எடுத்து ஒட்டினோம். சாட்சிக்குத்தான் அலைந்தோம். அன்று வரிசையில் நின்றவர்கள் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில், முன்பு எங்கள் சந்தில் குடியிருந்து, இப்போது சான்பாடாவில் மகன் வீட்டில் இருந்த அத்தை அகப்பட்டார். போனில் விஷயத்தைச் சொன்னதும், “அந்தக் குடத்துக்காரி மவளா? வாரேன்” என்றார். என்ன குடம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அது என்ன குடம் என்பது அதிகாரியின் மேசை முன்னால்தான் தெரிந்தது. அவர் மராத்தியில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அத்தை பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் பதில் சொன்னார். அப்போது உங்களுக்கு ஒன்பது வயதுதான், எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பது கேள்வி.

“மறக்குமா சாப்? லைன்ல மொத ஆளு இவ அம்மை, ரெண்டாவது நான். அவிய கீழ உக்காந்துட்டாவ. எல்லாரும் அவியளப் பாக்க ஓடிட்டாவ. நான் போயி மொதக் குடம் தண்ணி புடிச்சேன். புதுக் குழாயி, புதுத் தண்ணி. தூக்கித் தலையில வைக்கதுக்குள்ள ஒரு பொம்பள வந்து, பொறக்கப் போற புள்ளையக் குளிப்பாட்டணும்னு குடத்தோட புடுங்கிட்டுப் போயிட்டா. வெறுங்கையோட வீட்டுக்குப் போயி எங்கம்மைகிட்ட அடி வாங்குனேன். அந்தக் குடத்த இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் திருப்பித் தரல.”

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்கு முன்பே அதிகாரி சிரித்துவிட்டார். அக்காவுக்கே அந்தக் கதை அதுவரை தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு அத்தையைப் பார்த்தார். அதிகாரி அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டார், இத்தனை வருடம் ஏன் பதிவு செய்யவில்லை என்று. அக்கா தன்னுடைய இந்தியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“எல்லாரையும் நான் கிட்கி வரைக்கும் தூக்கிட்டு வந்தேன் சாப். என்னையத் தூக்கிட்டு வர ஆளு இல்ல.”

அதிகாரி கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து ஜன்னலில் சர்டிபிகேட் கிடைத்தது. அக்கா விரலை வைத்து முதலில் அந்த ஐந்து எழுத்துச் சொல்லைத் தொட்டார். பிறகு, “இதுல நான் எங்கன இருக்கேன்?” என்றார். காட்டினேன். தன் பெயரின் மேல் விரலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓட்டினார். அதற்குப் பிறகு அக்காவுக்கு இங்கிலீஷில் இரண்டு சொல் வாசிக்கத் தெரியும்.

வேலை நிரந்தரமாகவில்லை. “அஞ்சே மாசம். அந்த ஆதார் தேதியையே போட்டிருக்கப்படாதோ?” என்று மேட்ரன் அம்மாள் ரொம்பவும் வருத்தப்பட்டாராம். அக்காவோடு இருந்த இரண்டு பேருக்கும் வெளியிலிருந்து வந்த ஒருத்திக்கும் கிடைத்தது. அக்கா தினக்கூலியிலேயே இருந்தார். ஆனால் அங்கே பிறக்கும் பிள்ளைகளின் பதிவுப் பாரங்களை அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் வேலையை அக்காவிடம் கொடுத்தார்கள், பஸ் காசோடு நாளுக்கு நாற்பது ரூபாய் கூட. மாமாவின் முட்டி ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து ஒரு வருடம் கழித்து நடந்தது. இப்போது ஒரு முட்டி நன்றாக மடங்குகிறது. இருவரும் செம்பூர்ப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். நான் தாதரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன், அந்தச் சந்துக்கு எப்போதாவதுதான் போகிறேன். கல்லின் மேல் இன்னும் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. டிசம்பரில் அக்கா போன் பண்ணுவார். வாழ்த்துச் சொல்ல வேண்டியவன் நான், மறந்துவிடுவேனோ என்று அவரே பண்ணிவிடுவார்.

சர்டிபிகேட் வாங்கிய அன்று சாயங்காலம் எங்கள் கோலியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சான்பாடா அத்தையையும் வரவழைத்திருந்தோம். அம்மா மத்தியானமே ஒருத்தியாக மாட்டுங்காவுக்குப் போய் ஒரு கிலோ வாங்கி வந்திருந்தாள். டப்பாவைப் பிரித்து அக்காவின் முன்னால் வைத்தாள். பேடா.

“மைனி, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எடுத்துக்கிடுங்க.”

அக்கா பாதியைக் கடித்தார். மீதியைக் காகிதத்தில் மடித்தார். பிறகு தான் கொண்டு வந்திருந்த பெரிய துணிப்பையிலிருந்து ஒரு புது எவர்சில்வர் குடத்தை எடுத்து அத்தையின் மடியில் வைத்தார். அத்தை அதைச் சுண்டிப் பார்த்து, “என் குடம் பித்தளக் குடம்லா” என்றார். அம்மா சிரித்து, அத்தை சிரித்து, பக்கத்துக் கோலியிலிருந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

“தம்பி, எனக்குப் பர்த்து ஆக மொத்தம் எவ்வளவுல ஆச்சு?” என்றார் அக்கா.

ஒரு ஜெராக்ஸின் பின்பக்கத்தில் கூட்டினேன். முத்திரைத்தாள், நோட்டரி, தேடிய கட்டணம், தாமதக் கட்டணம், பிரதிகள், போட்டோ, தின்னர், ரயில், ஆட்டோ, வடைபாவ், டீ. அம்மா பேடாவைச் சேர்க்கக் கூடாது என்றாள், அக்கா சேர்க்கச் சொன்னார். குடத்தையும் சேர்த்தேன்.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். அதில் எண்ணூற்றுத் தொண்ணூறு குடத்துக்கு.